சட்டையை உதறும் நேரம்

கல்தூசு வெயிலில் மின்னும். பார்க்காதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சிமெண்டுத் தூசுக்கு உயிரே இருக்காது. ஓசூர்ப் பக்கத்து மண் தூசு சிவப்பு, அதோடு சரி. நாங்கள் அறுத்து மெருகேற்றி அனுப்புகிற கல்லின் தூசு மட்டும் காற்றில் ஏறியதும் மினுமினுக்கத் தொடங்கிவிடும். ராயக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டில், காலை ஏழு மணி வெயிலுக்கு என் மனைவி எனது யூனிபார்ம் சட்டையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோவாள். உதறாமல் நனைத்தால் வாளியெல்லாம் சேறாகிவிடும் என்பது அவள் கணக்கு. இரண்டு தோளையும் பிடித்து ஓங்கி உதறுவாள். தூசு கிளம்பும், உடனே விழாது. அவள் தலைக்கு மேலே கொஞ்சநேரம் நின்று, எங்கே போகலாம் என்று யோசித்து, மெதுவாக இறங்கும். நான் காபி டம்ளரோடு படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து என் காலைப்பொழுது அப்படித்தான் விடிந்தது.

அவளுக்கு இருமல் இருந்தது. முதலில் சளி என்றோம், பிறகு பனி என்றோம், பிறகு தக்காளி மண்டி லாரிகளின் புகை என்றோம். ஒரு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். காவேரிப்பட்டினத்துப் பக்கம் மாந்தோப்பில் ஓடி வளர்ந்தவள் அவள். கிருஷ்ணகிரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தூசு பக்கமே போகக்கூடாது என்றார்.

“நான் எங்கங்க தூசு பக்கம் போறேன்? ஊட்லதான இருந்துகினு கீறேன்” என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தூசு பக்கம் போகிறவன் நான். என் தலைமுடியிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வருகிறது என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். பாதி சரியான முடிவு. பாதி சரியானதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்ரஸர் குழாயை எடுத்து, மேலே படிந்த தூசைக் காற்றடித்துப் போக்கிக்கொள்வோம். முன்பக்கம் அவரவர் அடித்துக்கொள்ளலாம், முதுகுக்கு இன்னொருவர் வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக ஒரு முதுகுக்காரர் இருந்தார். எனக்கு வாய்த்தவர் கல்லின் ஓரம் தேய்க்கும் மிஷினில் இருந்த மூத்த ஆபரேட்டர். ஓசூரிலேயே பிறந்தவர், வீட்டில் தெலுங்கு. “திருகு சார், திருகு” என்பார். திரும்பு என்று அர்த்தம். நான் கைகளை விரித்துக்கொண்டு திரும்புவேன். எங்கள் இருவரைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு மேகம் எழும்பும், அதற்குள் அவர் முகம் காணாமல்போய்த் திரும்ப வரும். அந்த மேகத்தைத்தான் நாங்கள் எல்லோரும் மூச்சாக இழுத்தோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். குழாயால் மேலுக்கு அடிப்பது அன்றோடு நின்றது. தூசு நீக்கும் கேபின் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றவர்களுக்கு அது தலைவலி. எனக்கோ சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது. கம்பெனிக்காக அலைகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் ஒரு ஆளின் மூச்சுக்காக அலைந்தேன்.

கேபின்களைப் பார்க்க மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று போனேன். விற்பவர் வாயை நம்பி வாங்கக்கூடாது என்பதால் கறுப்பு டீ-சர்ட் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மனைவியிடம் ஒரு டப்பா கோலமாவு கேட்டேன். அதுவும் கல்மாவுதானே.

“என்னாத்துக்கு? கம்பெனி வாசல்ல கோலம் போடப் போறீங்களா?” என்று சிரித்தாள். சிரிப்பின் முடிவில் இருமினாள். டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள்.

முதல் இடத்தில், கோலமாவைத் தோளிலும் மார்பிலும் கொட்டிக்கொண்டு உள்ளே நின்றேன். எல்லாத் திசையிலிருந்தும் காற்று அறைந்தது. சட்டை சுத்தமாகிவிட்டது. ஆனால் கதவைத் திறந்ததும் மாவெல்லாம் எனக்கு முன்னால் வெளியே வந்து, விற்பனைக்காரரின் மீசையில் உட்கார்ந்தது. இரண்டாவது, மருந்துக் கம்பெனிகளுக்குச் செய்யும் வகை. அடடா, என்ன மெல்லிய காற்று! கண் சொக்கியது. மாவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் தூசுக்கு அதன் பில்டர் ஒரு வாரம் தாங்காது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது கேபினில் காற்று கழுத்துக்குக் கீழேதான் வீசியது. தரைக் கம்பிச் சல்லடைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று எல்லாவற்றையும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்றேன். கோலமாவு என் மார்பிலிருந்து இறங்கி, முழங்காலைக் கடந்து, பாதத்தைச் சுற்றிப் போய்ச் சல்லடைக்குள் மறைந்தது. முகத்துக்கு ஒரு பொட்டுகூட ஏறவில்லை. இருபது நொடி. அந்த இருபது நொடியில் நான் ஒரு படிக்கட்டைக் கண்டேன். அவள் இடுப்பில் துணிக்கூடையோடு நிற்காமல் ஏறிப்போய்க்கொண்டே இருந்தாள். கதவு திறந்தபோது என்னோடு எதுவும் வெளியே வரவில்லை. இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

மற்றதையும் விடவில்லை. ஷிப்ட் விட்டால் நாற்பது பேர், பஸ் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடும். காத்திருக்க வைத்தால் யாரும் கேபின் பக்கம் எட்டிப்பார்க்கமாட்டார்கள். அதனால் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறும்படி இரண்டு கேபின்களை அருகருகே கேட்டேன். எங்கே வைப்பது என்று ஒரு வாரம் மாலையில் நின்று மனிதர்களின் நடையை மட்டும் பார்த்தேன். மிஷின் கூடத்திலிருந்து லாக்கர் அறை. அங்கிருந்து ஒரே ஒரு வழி கேட்டுக்கு. அந்த வழியில் வைத்தால் எறும்புகூடத் தப்பமுடியாது. அங்கேயே வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களில் பஸ் பயணமே கனவு போல இருந்தது. சானமாவு காட்டுப் பகுதி வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைப்பார், பேச்சும் தானாகக் குறையும். ஒரு சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் தூரத்தில் யானை ஒன்று நின்றது. தும்பிக்கையால் மண்ணை அள்ளித் தன் முதுகில் தானே போட்டுக்கொண்டிருந்தது. சூரியன் அந்தத் தூசுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் மூச்சுவிடவில்லை.

“சார், இவருக்கும் ஒரு கேபின் போட்டுடுங்கோ” என்றார் என் முதுகுக்காரர். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சுத்தமான சட்டையில், மடியில் என் பையோடு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் ஆனது. கேபினின் அடியில் தூசு சேரும் தட்டு ஒன்று உண்டு. நிரம்பி வழியும் என்று நினைத்து, கொட்டுவதற்குச் சாக்கோடு போய் இழுத்துப் பார்த்தேன். அடியில் ஒரு பூச்சு, கொஞ்சம் முடி, ஒரு சட்டைப் பொத்தான். அவ்வளவுதான். மேனேஜர் பார்த்துவிட்டு, தூசே இல்லாமல் பண்ணிவிட்டீர்களே என்று தோளில் தட்டினார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மனிதன் நம்ப விரும்பினால் எதைத்தான் நம்பமாட்டான்.

வீட்டில் இருமல் மட்டும் குறையவில்லை.

மறுநாள் காலை. அதே வெயில், அதே படிக்கட்டு, கையில் காபி. அவள் என் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறினாள். பொடி கிளம்பி அவள் தலைக்கு மேலே நின்றது. எத்தனை அழகாக மின்னியது என்று பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. நேற்றுக் காலியாகக் கிடந்த தட்டு ஞாபகம் வந்தது. அதில் இருந்திருக்க வேண்டியது இங்கே அல்லவா பறந்துகொண்டிருக்கிறது.

பஸ் சீட் அழுக்காகிறது என்று டிரைவர் பல வருடங்களுக்கு முன்னால் சண்டை போட்டார். அதிலிருந்து நாங்கள் எல்லோரும் லாக்கர் அறையில் வீட்டுச் சட்டைக்கு மாறிவிடுவோம். யூனிபார்மைச் சுருட்டி ஜவுளிக்கடைப் பையில் திணித்து, சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். இது எங்களுக்குச் செருப்பு மாட்டுவதுபோல, யோசித்துச் செய்வதில்லை. நான் கேபினை வைத்தது லாக்கர் அறைக்கு அப்பால். நாற்பது பேரும் சலவைச் சட்டையில் அதற்குள் நின்றோம். காற்றில் பறந்துவிடக்கூடாதே என்று பையை இறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றோம். நானும் நின்றேன், தினமும். தூசைப் பத்திரமாகக் காப்பாற்றி என் கையாலேயே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன்.

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ உளறிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

மேனேஜரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். கேபின்களைப் பெயர்த்து மிஷின் கூடத்துக்கும் லாக்கர் அறைக்கும் நடுவில் வைத்தோம். யூனிபார்மோடு உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் கழற்றி, மூடி போட்ட தொட்டியில் போட வேண்டும். துவைப்பது கம்பெனி. துணி வீட்டுக்குப் போகாது. “எங்க ஊட்டு அம்மா மாதிரி மிஷின் துவைக்குமா சார்?” என்று முதுகுக்காரர் முனகினார். அவர் வீட்டு அம்மா உதறிவிட்டுத் துவைப்பாரா, அப்படியே நனைப்பாரா என்று கேட்டேன். அவர் சட்டையைச் சுருட்டித் தொட்டிக்குள் போட்டார்.

மூன்றாம் நாள் தட்டை இழுத்தேன். கனத்தது. விளிம்புவரை மாவு மாதிரி மெத்தென்று கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக மின்னியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் அவள் பங்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தேன். அழுகை வந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இருமல் இப்போது குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. உள்ளே போனது போனதுதான், இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மாடிப்படியில் ஒருமுறை நிற்கிறாள், முன்பு மூன்றுமுறை நின்றாள்.

யூனிபார்ம் வராத முதல் ஞாயிற்றுக்கிழமை, பழக்க தோஷத்தில் அவள் என் வீட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். தோளைப் பிடித்து ஓங்கி உதறினாள். வெயிலில் ஒன்றும் பறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, ஏதோ குறைகிறதே என்பதுபோல நின்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடமும் அந்தத் தூசை அழகென்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

அவள் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“தெரியுங்க. நீங்க பாத்துகினு இருக்கீங்கன்னுதான் இன்னும் ரெண்டு உதறு சேத்து உதறுவேன்.”