முனையில் வைத்த தேங்காய்

ஒரு தேங்காய் உருண்டு வந்து என் வலது ஷூவில் மோதி நின்றதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. குடுமியோடு, மஞ்சளும் குங்குமமும் பூசிய முழுத் தேங்காய். படகின் முன்முனையிலிருந்து புறப்பட்டு, பலகைகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாக, வேறு யாரையும் தொடாமல் நேராக என்னிடம் வந்தது. படகில் இருந்த ஒன்பது பேரும் தேங்காயைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இந்தப் படகின் மூக்கு இனிமேல் தூக்காது என்று சற்று முன்னால் கரையில் நின்று எல்லோரிடமும் சொன்னவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸக்கா குனிந்து அதை எடுத்து என் மடியில் வைத்தார். "பத்திரமா வெச்சுக்கோ தம்பி. உன் ரிப்போர்ட்டு வந்துகீது" என்றார்.

நர்ஸக்கா புனேயின் விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருந்தார். அவருடைய அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்குப் புனே வந்தவர். அக்கா பிறந்தது, படித்தது எல்லாம் ஊர் நடுவே கேம்ப் என்கிற பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியில். தமிழில் ஆரம்பித்து, ஹிந்தியில் திட்டி, மராத்தியில் சமாதானம் செய்து முடிப்பது அவர் வழக்கம். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. புனேக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் என்று நினைத்திருந்த அக்காவுக்கு, கடக்வாஸ்லா போகும் சாலையில் ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் நான் இன்ஜினியர் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துப்போயிற்று. மாடிப்படியில் என்னை மறித்து அவர் கேட்ட முதல் கேள்வி, என் ஊரைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ அல்ல. "இன்னா தம்பி, ஒரு படகு மூஞ்சிய தூக்கிகினே போவுதுன்னா அதுக்கு இன்னா வைத்தியம்?" என்றார்.

அது அவருடைய படகு. மலைகளுக்கு நடுவே உள்ள ஓர் அணையின் நீர்ப்பரப்புக்கு இந்தப் பக்கம் அவர் வேலை பார்த்த சுகாதார நிலையம், அந்தப் பக்கம் நான்கு குக்கிராமங்கள். சாலை வழியாகப் போனால் மலையைச் சுற்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சாலையும் பாதி இருக்காது. ஓர் அறக்கட்டளை, மோட்டார் பொருத்திய சிறிய ஃபைபர் படகு ஒன்றைக் கொடுத்திருந்தது. உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் குறையில்லை. படுத்து வர வேண்டியவர்களுக்குத்தான் நரகம். வேகம் எடுத்ததும் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும், பிறகு தொப்பென்று விழும், மறுபடி தூக்கும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் கால்மாட்டுப் பக்கம் சறுக்கிப் பெட்ரோல் டாங்கில் போய் முட்டுவார். பாதி வழியில் திரும்பச் சொல்லி அழுத ஒரு கர்ப்பிணி, பிறகு ஜீப்பில் மலையைச் சுற்றிப் போகும்போது வளைவு ஒன்றில் பிரசவித்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தார்கள் என்று அக்கா சொல்ல மாட்டார். "விட்டுட்டு போச்சு" என்பார். எது விட்டுவிட்டுப் போனது என்று நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு, வலி எடுத்துப் படுத்துவர வேண்டிய கர்ப்பிணிகள் யாரும் படகில் ஏறவில்லை. அடுத்த மழைக்கு முன்னால், படுத்த நோயாளியைப் படுத்தபடியே கொண்டுவர முடியும் என்று காட்டாவிட்டால் படகை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதாக அறக்கட்டளை எழுதிவிட்டது. அந்தக் கடிதத்தை அக்கா கைப்பையில் ரத்த அழுத்தக் கருவியோடு சேர்த்து வைத்திருந்தார்.

மூக்கைத் தூக்கும் படகுக்கு வைத்தியம் இரண்டு. ஒன்று ஃபின். மோட்டாரின் காலில், புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, இறக்கை விரித்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு. நான்கு போல்ட்டில் வேலை முடிந்துவிடும். இன்னொன்று டிரிம் டேப். படகின் பின்சுவரின் அடியில் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று கீல் வைத்துப் பொருத்தும் இரண்டு எவர்சில்வர் தகடுகள். அவை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், ஓடும் தண்ணீர் அவற்றை மேலே தள்ளும். பின்பக்கம் உயரும், மூக்கு தானாக இறங்கும். ஆனால் பின்சுவரில் துளை போட வேண்டும், அளவு பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இந்தச் சின்னப் படகுக்கு ஃபின் போதும் என்று நான் ஒரே நாளில் முடிவு செய்தேன். வேலை சுலபம் என்பதால் அல்ல, கணக்கு அப்படிச் சொல்கிறது என்றுதான் அக்காவிடம் சொன்னேன். உண்மையில் இரண்டுக்காகவும்தான்.

ஃபின்னைப் பொருத்திவிட்டுச் சோதனையை முறைப்படி செய்தேன். ஆட்களுக்குப் பதிலாக எடை போட்ட மணல் மூட்டைகளை முன்னால் இருந்து பின்னால் வரை பலகைக்குப் பலகை சமமாக அடுக்கினேன். முன்முனையில் ஒரு தேங்காய் இருந்தது. சோதனைக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று அதை எடுத்துக் கரையில் வைத்தேன். படகோட்டிக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவர் முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. எல்லோரும் பாவு என்று அழைக்கும் அந்த மராத்திக்காரர், பாதி மழைக்காலத்தில் பேசுவதை நான் ஒரு நாளில் பேசிவிடுவேன். படகு கிளம்பியது. நான்கைந்து நொடி தூக்கியது, பிறகு பலகை போல மட்டமாகத் தண்ணீர் மேல் ஓடியது. அக்கா கரையில் நின்று கைதட்டினார். அடுத்த நாள் உண்மையான ஆட்களோடு போனோம். தேங்காய் என் ஷூவுக்கு வந்தது அன்றுதான்.

நான் சுலபத்தில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பாவு ஒரேயடியாக முடுக்குகிறார் என்றேன். மோட்டார் பழசு என்றேன். தேங்காயை நைலான் கயிற்றால் கட்டலாமே என்று கூடச் சொன்னேன். சாமியைக் கட்டிப்போடச் சொன்னது மாதிரி பாவு என்னைப் பார்த்தார். அக்கா எதற்கும் கோபப்படவில்லை. என் நோட்டை வாங்கிப் பயணிகளின் எடை எழுதிய பக்கத்தைப் படித்தார். தன் பெயருக்கு எதிரே அறுபது என்று இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "தொண்ணூறு கிலோ தம்பி நானு. கேக்க கூச்சப்பட்டுகினு நீயே போட்டுட்டியா?" என்று கேட்டார். "மரியாதைக்குத்தானுங்க்கா" என்றேன். "உன் மரியாத தண்ணிக்கு தெரியாது. நாளிக்கு நோட்டு, மூட்ட எதுவும் வாணாம். சும்மா வந்து குந்து" என்றார்.

மறுநாள் சும்மா போய் உட்கார்ந்தேன். இதைச் செய்ய எனக்குச் சம்பளம் கொடுப்பதில்லை என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் கரையில் ஐந்து பேர் ஏறினார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, ஒவ்வொருவரும் முதலில் படகின் முனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் வந்து ஏறினார்கள். பின்பலகையில் மூன்று பேர் உட்காரலாம், ஐந்து பேர் நெருக்கிக்கொண்டார்கள். அடுத்த கரையில் ஏறியவர்கள் அவர்கள் காலடியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். முன்பலகை காலியாகவே இருந்தது. மஞ்சள் பூசி, தேங்காய் வைத்துக் கும்பிட்ட முனைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு யார் உட்காருவார்கள்? நான் மூட்டைகளைச் சமமாக அடுக்கியிருந்தேன். மூட்டைகளுக்குச் சாமி கிடையாது.

காரணம் தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏனுங்க்கா, ரொம்பச் சுலபமுங்க. தேங்காயை எடுத்துரலாமுங்க. நாலு பேரை முன்னாடி உக்காரச் சொன்னாப் போதுமுங்க, ஒரு தகடும் வேண்டாம்" என்றேன். கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த அக்கா, பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தண்ணிய பாத்தா ஈரக்கொல நடுங்குற பொம்பள, ஒம்போது மாசத்துல ஏறுறா. முனையில சாமி குந்திகினு கீதுன்னு ஒரு தெகிரியம். அத்த எட்த்துட்டினா படகு நேராத்தான் போவும். ஏறத்தான் ஆள் இருக்காது" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஜனங்களைப் படகுக்கு ஏற்றமாதிரி மாற்றப் பார்த்தேனே தவிர, படகை அவர்களுக்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு டிரிம் டேப்புக்கு உண்மையாகவே அளவு எடுத்தேன். இந்த முறை அக்காவைத் தொண்ணூறு என்றே எழுதினேன். ஃபின் முழுப்பலனும் தர நல்ல வேகம் வேண்டும். நோயாளி படுத்திருந்தால் பாவு வேகத்தைக் குறைத்துவிடுவார். அகலமான தகடுகள் மிதமான வேகத்திலும் பின்பக்கத்தைத் தாங்கும். பெண்கள் பக்கம் கனம் கூடினால் அந்தப் பக்கத் தகடு அதற்கேற்பத் தள்ள வேண்டும், அதனால் இரண்டும் தனித்தனியாக அசைய வேண்டும். சுவிட்ச் போட்டு ஏற்றி இறக்கும் மின்சார வகை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மழையில் அந்த ஒயர்கள் எத்தனை நாளைக்கு? கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த மாதிரி கேஸ் தண்டு வைத்துத் தானாகவே மடங்கி விரியும் வகையைப் பட்டறையில் தருவித்துப் பொருத்தினேன். ஓட்டிப் பார்த்தபோது பாவு முதன்முறையாக என்னிடம் ஒரு வார்த்தை பேசினார். "சாங்லா" என்றார். நல்லது என்று அர்த்தம்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. பின்பக்கமாக ஏறுகிறவர்களுக்கு, தண்ணீருக்குள் புதிதாக ஒரு படி கிடைத்துவிட்டது. என் தகட்டின் மேல் காலை ஊன்றி ஏறினார்கள். நான்காம் நாள் இடதுபக்கத் தகடு, மடங்கிய ஆட்டுக்காது மாதிரி தொங்கியது. நிமிர்த்திப் போட்டு, பக்கத்திலேயே உறுதியான ஏணிப்படி ஒன்று வைத்தேன். தகட்டில் மிதிக்காதீர்கள் என்று மராத்தியில் பெயிண்டால் எழுதினேன். எழுத்தின் மேலேயே மிதித்து ஏறினார்கள். அறக்கட்டளையின் ஆள் வர ஒரு வாரம்தான் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தார். பிறகு பாவுவைக் கூப்பிட்டு மராத்தியில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "மஞ்ச பெயிண்ட்டு, செவப்பு பெயிண்ட்டு கீதா தம்பி உங்க பட்டறையில?" என்று கேட்டார். அன்று மாலை, இன்ஜினியரிங் படித்த நான், இரண்டு எவர்சில்வர் தகடுகளிலும் வட்டமாக மஞ்சள் பூசி நடுவில் குங்குமப் பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு கால் கூட அதன் மேல் படவில்லை. ஏறுகிறவர்கள் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏணியில் ஏறினார்கள்.

சோதனை நாளில் மூட்டைகள் இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் வழக்கம்போலப் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். நோயாளி யார் என்று அறக்கட்டளையின் அதிகாரி கேட்டபோது, அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரில் தானே படுத்துக்கொண்டார். வார்ப்பட்டை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். "சறுக்குனா நானே சறுக்குறேன்" என்றார். பாவு முடுக்கினார். மூக்கு கொஞ்சம் எழுந்தது. பிறகு தகடுகள் தண்ணீரைப் பிடித்தன. மூக்கு இறங்கி மட்டமானது. தேங்காய் லேசாக ஆடியது, குடுமி ஒருமுறை நடுங்கியது, அங்கேயே நின்றது. அக்கா நகரவில்லை. கண்ணை மூடியிருந்தார், கண்ணோரம் ஈரமாக இருந்தது. அது தெறித்த தண்ணீர் என்று அவர் பிறகு சாதித்தார். அதிகாரி என்னிடம் சாய்வுக் கோணம் எத்தனை டிகிரி என்று கேட்டார். நான் சொல்வதற்குள், படுத்தபடியே அக்கா "தேங்கா உருளலன்னு எழுதிக்கோங்க சார்" என்று ஹிந்தியில் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். படகு அங்கேயே தங்கியது.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தகடுகள் வருவதற்கு முன்னால் வாங்கிய குலுக்கல்கள் எல்லாம் முதுகில் தங்கிவிட்டன. கேம்ப்பில் தங்கை வீட்டில் இருக்கிறார், படகில் ஏற டாக்டர் விடவில்லை. இந்த மழைக்காலத்தில் தகடுகளைச் சரிபார்க்க நான் அங்கே போனேன். மோட்டார் புதிது, நர்ஸ் புதிது, தகடுகளும் ஒருமுறை மாற்றப்பட்டவை. பொட்டு மட்டும் அதே அளவில் இருந்தது. பாவுவே வைத்திருக்கிறார், என்னுடையதைவிட வட்டமாக. எதிர்க்கரையில் வலி எடுத்த ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். நான் யோசிக்காமலே முனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்னால் போய் நெருக்கி உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் இருந்த தேங்காயை அண்ணாந்து பார்த்தாள். பாதித் தண்ணீர் தாண்டியபோது வலி கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள்.

கரை நெருங்கி மோட்டாரை நிறுத்தியதும் அக்காவுக்கு போன் செய்தேன். புது மோட்டாரைப் பற்றி அவர் கேட்கவில்லை, புது நர்ஸைப் பற்றியும் கேட்கவில்லை.

"தேங்கா?" என்றார்.

"வெச்ச எடத்துலயே இருக்குதுங்க்கா."

"ஆள் கீதா உள்ள?"

"ஒரு பொண்ணுங்க்கா. வலியோட ஏறுச்சு. பாதித் தண்ணிக்கு மேல தூங்கிட்டே வந்துச்சுங்க."

போனைக் காதில் வைத்தபடியே நான் குனிந்து பார்த்தேன். என் வலது ஷூவுக்கு முன்னால் வெறும் பலகைதான் இருந்தது.