எங்கள் வீட்டு வம்சவரலாறு

ஆதாமிலிருந்து நோவா வரை பத்துப் பெயரையும், யார் எத்தனை வயதுவரை இருந்தார் என்பதையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். மும்பை தாராவியில் எங்கள் சண்டே ஸ்கூலில் ஒரு பெயர் தவறினாலும் பரிசு கிடையாது. பரிசு ஒரு பென்சில் டப்பா. அதற்காக நான் நோவாவைத் தாண்டியும் போயிருப்பேன்.

அப்படித் தாண்டிப் போனதுதான் வினை. எங்கள் வேதாகமத்தின் முதல் தாள்களில், திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கப்படி, எங்கள் வம்சமும் எழுதியிருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பூட்டனில் தொடங்கி என் தம்பி வரை. அதையும் மனப்பாடம் செய்தேன். அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு பெண்பெயர். அதன்மேல் மட்டும் ஒரு கோடு. பள்ளியில் நான் படித்தது இந்தி. இந்தி எழுத்துக்குத் தலையில் கோடு உண்டு. இங்கே கொஞ்சம் இறங்கி விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அது அப்பாவின் தங்கை, என் அத்தை என்பது பிறகுதான் தெரியும். மராட்டிக்காரரைக் கட்டிக்கொண்டு, மும்பையை அடுத்த கல்யாண் ஊருக்குப் போய்விட்டவர். தாத்தா கோபத்தில் அடித்த கோடு அது. தாத்தா இறந்த பின்னும் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

நான் அதை மனப்பாடம் செய்த வருஷம் வந்த பெருமழையில் இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வெள்ளத்தில் நோவாவுக்குப் பேழை, எங்களுக்கு எதிர்வீட்டு மாடி. இரண்டு நாள் கழித்து இறங்கிப் பார்த்தால், வேதாகமத்தின் அச்செழுத்து அப்படியே இருந்தது. மையால் எழுதிய எங்கள் வம்சம் மொத்தமும் கரைந்திருந்தது. அரிசி மூட்டை போனதற்கு அழாத அம்மா அதைப் பார்த்து அழுதாள்.

"அழாதம்மா, எனக்கு மனப்பாடம்" என்றேன்.

அப்பா புது நோட்டு வாங்கி வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். அவர் பெயருக்கு அடுத்து நான் அந்தப் பெயரைச் சொன்னதும் பேனா நின்றது.

"அது வேண்டாம்ட்டி. அடுத்ததச் சொல்லு."

"ஒரு பேரு விட்டாலும் தப்புப்பா."

அம்மா ஈரப் பாயைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தண்ணில அந்தக் கோடும் சேந்துதான போயிருக்கு. எழுதுங்க."

அப்பா பேனாவை ஒருமுறை உதறினார். பிறகு எழுதினார். அதற்குக் கீழே நாலு வரி காலியாக விட்டார்.

"எதுக்குப்பா இடம் விடுதீங்க?"

"அவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்லா. பேரு கேட்டுட்டு வந்து எழுதணும்."

அடுத்த ஞாயிறு அப்பா கோயிலுக்கு வரவில்லை. கல்யாண் ரயிலைப் பிடிக்க, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். பெயர் கேட்டு வரப் போகிறவருக்கு ஏன் இவ்வளவு தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.