முதலில் என்ன செய்வாள் பெர்னடெட்

ஒஹாயோவில் எங்கள் ஆற்றின் இந்தக் கரையில் நிற்கும் வீடுகளில் பாதிக்கு மேல் எமில் ஹுடாக் கூரை போட்டவை. ஒன்றுகூட ஒழுகியதில்லை. எமில் சொல்லித்தான் ஊருக்கு அது தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏணியில் ஏறியவன், சொந்த லாரி, சொந்த ஆட்கள் என்று வளர்ந்து நின்றவன், தன் பெருமையைத் தானே சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வார்கள்?

அப்பேர்ப்பட்ட எமில் ஒரு வருஷமாகக் கூரைப் பேச்சையே விட்டுவிட்டான். வாயைத் திறந்தால் பெர்னடெட். அவன் மனைவி.

பெர்னடெட் முதியோர் நல அலுவலகத்தின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவள். கிழவர்களையும் கிழவிகளையும் ஆஸ்பத்திரிக்கும் மாதா கோயிலுக்கும் ஏற்றி இறக்குவாள். யார் வீட்டில் மாடிப்படி ஆடுகிறது, யாருக்கு மருமகளோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதும் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, அறுபதாவது வயதில் சமூகப் பணியில் பட்டம் வாங்கினாள். எமில் அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் டிவிக்கு மேலே மாட்டினான். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவனைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினான்.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது. உரிமத் தேர்வில் தேறினால்தான் சமூகப் பணியாளர் என்று கையெழுத்துப் போடலாம். ஆற்றங்கரைத் தெருக்களுக்கு ஒரு பணியாளர் இடம் காலியாக இருந்தது. அதைப் பெர்னடெட்டுக்காகவே அலுவலகம் பிடித்து வைத்திருந்தது. அவள் இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் தோற்றாள். மூன்றாவது முறையும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு. பெர்னடெட் மறுபடி வேன் ஸ்டியரிங்குக்குப் போக வேண்டியதுதான்.

பாடம் தெரியாமல் தோற்கவில்லை. சட்டம் கேட்டால் சொல்வாள், மனநோய்களின் பெயர்களைக் கேட்டால் ஜபமாலை சொல்வது போலச் சொல்வாள். அவளை வீழ்த்தியது ஒரே வகைக் கேள்வி. ஒருவருக்கு ஒரு கஷ்டம் என்று கதை சொல்லிவிட்டு, 'சமூகப் பணியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன' என்று கேட்டு, கீழே நான்கு விடை கொடுப்பார்கள். நான்குமே நல்ல காரியமாக இருக்கும். பெர்னடெட் தான் உண்மையிலேயே எதைச் செய்வாளோ அதைக் குறிப்பாள். அது தப்பாகப் போகும்.

தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் கோயில் சமையற்கூடத்தில் பியரோகி. மாவைத் தேய்த்து, வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கோ புளித்த முட்டைக்கோஸோ வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூட வேண்டும். எங்கள் பெண்கள் கிள்ளினால் கொதிக்கும் தண்ணீரிலும் வாய் பிளக்காது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வண்டி எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள்.

சமையற்கூடத்தின் தலைவி ஆக்னஸ் கோவாலிக். மூட்டுவலியால் விரல் மடங்காது. அதனால் கிள்ளும் வேலையை விட்டுவிட்டு அதிகாரத்தை மட்டும் வைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை பெர்னடெட்டின் கேள்வி அட்டைகளை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

"உன் கை கிள்ளட்டும்டி, காது கேக்கட்டும். நான் படிக்கிறேன்," என்று மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். "மனைவியை இழந்த ஒரு முதியவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். சமூகப் பணியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஒண்ணு, வீட்டுக்குச் சாப்பாடு வர ஏற்பாடு பண்ணணும். ரெண்டு, மகளைக் கூப்பிட்டுப் பேசணும். மூணு…"

"போதும், நிறுத்துக்கா!" என்றாள் மாவு தேய்த்துக்கொண்டிருந்த மில்ட்ரெட். "சாப்பாடுதான். இதுக்குப் போயி ஒரு பரீட்சையா?"

மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சாப்பாடுதான் என்றார்கள். பெர்னடெட்டும் அதைத்தான் சொன்னாள். ஆக்னஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"மூணாவதாம். அவர்கிட்டயே உக்காந்து நிலைமையைக் கேட்டுத் தெரிஞ்சிக்கணுமாம்."

கூடமே கொதித்துவிட்டது.

"பசிக்கிற மனுஷன்கிட்ட என்னத்தடி கேக்குறது?"

"எழுதினவன் வீட்ல அடுப்பே எரியாது போலிருக்கு."

"பெர்னி, துக்க வீட்டுக்கு நாம கேட்டுக்கிட்டா போறோம்? தட்டைத் தூக்கிக்கிட்டுப் போறோம். எங்கம்மா காலத்துலேர்ந்து அதான் வழக்கம்!"

பெர்னடெட் சிரித்தாள். ஆனால் தோற்ற இரண்டு தேர்விலும் அவள் இந்தச் சமையற்கூடத்தையே தலைக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் எமிலின் பாடம் வேறு விதம். சாப்பாட்டு மேஜையில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தடுக்கித் தடுக்கிப் படிப்பான். படித்து முடித்ததும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தானே விடை சொல்லிவிடுவான்.

"புருஷன் குடிக்கிறான்னு அழறா. இதுல என்ன யோசனை? அவனை வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரில தள்ளணும். நாலாவது விடை."

"தப்பு. அவ சொல்றதை முழுசாக் கேக்கணும்."

"பையன் ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறான். நேராப் போயி வாத்தியாரைப் பிடிக்கணும். ரெண்டாவது."

"தப்பு. பையனோட பேசணும்."

"என்னடி இது, ஊர் உலகத்துல ஒருத்தரும் ஒரு வேலையும் செய்யமாட்டீங்களா? பேசிக்கிட்டே இருப்பீங்களா? நான் ஒழுகுற வீட்டுக்குப் போயி, 'ஒழுகும்போது உங்களுக்கு எப்படி இருக்கு'ன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா இந்த வீடு வந்திருக்குமா?"

பெர்னடெட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவனையே உற்றுப் பார்த்தாள்.

"எமில், நீ ஒண்ணுகூடச் சரியாச் சொல்லலை, கவனிச்சியா?"

"எல்லாம் அட்டையோட தப்பு."

"இல்ல. நீ எதைச் சொல்றியோ அதைக் கோடு போட்டு அடிச்சிட்டா போதும். மிச்சம் மூணுதான். எனக்குக் கால்வாசி வேலை குறைஞ்சுது."

எமில் முறைத்தான். பிறகு அவன் முகம் மெல்ல விரிந்தது.

"அப்ப நான் இல்லாம நீ பாஸ் பண்ண முடியாது."

மறுநாளே அவன் ஆட்களிடம், வீட்டில் தானே பாடம் நடத்துவதாகச் சொல்லிவிட்டான்.

அந்த வாரமே அவள் செர்னாக் வீட்டுக்குப் போனாள். ஆண்ட்ரூ செர்னாக் இரும்பாலை உலையில் வாழ்நாள் முழுக்க நின்ற மனிதர். அவர் மனைவி கடந்த இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். அன்றிலிருந்து ஊரே அவருக்குப் பியரோகி கொண்டுபோய்க் கொடுத்தது, ஃப்ரீஸரில் உறையவைத்து, தட்டுத் தட்டாக. ஆனாலும் மனிதர் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தார். பெர்னடெட்டின் கையிலும் அன்று ஒரு தட்டு இருந்தது.

வாசலிலேயே அதைக் கொடுத்துவிட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவதுதான் எப்போதும் அவள் வழக்கம். அன்று தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் செர்னாக், ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க. காலையில எழுந்ததுலேர்ந்து."

"எழுந்திருப்பேன். ரொட்டி தின்பேன்."

"அப்புறம்?"

"மத்தியானம் ரொட்டி."

"ராத்திரி?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இதென்ன போலீஸ் விசாரணையா?"

அவள் பதில் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு மாவு மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். ஆனால் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பெரியவரே எழுந்து போய் நிலவறைக் கதவைத் திறந்து, கீழே இருந்த பெட்டி ஃப்ரீஸரின் மூடியைத் தூக்கிக் காட்டினார். கோயில் சமையற்கூடத்தின் ஒரு தவக்காலமே அதற்குள் படுத்திருந்தது. ஒரு தட்டுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அடுப்பு," என்றார். "பழைய அடுப்பு. தீக்குச்சி கிழிச்சுப் பத்த வைக்கணும். அவ என்னை அந்தப் பக்கமே விட்டதில்ல. ஒரு தடவை முயற்சி பண்ணேன். குப்புன்னு கிளம்பி புருவம் பொசுங்கிப்போச்சு." குரல் தாழ்ந்தது. "இரும்பை உருக்கினவன் நான், பெர்னி. யார்கிட்டப் போயி சொல்றது? மகளுக்குத் தெரிஞ்சா முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ப் போட்டுருவா."

பெர்னடெட்டின் கை தானாகப் போன் பக்கம் போனது. எமிலைக் கூப்பிட்டால் மாலைக்குள் புது அடுப்பு வந்து இறங்கிவிடும். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் யோசித்தார். மனைவி போனதிலிருந்து அவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"கத்துக்கணும். இந்த அடுப்பையே. அவ அடுப்பு. யாருக்கும் தெரியக் கூடாது."

சேர்ந்து கற்றுக்கொண்டார்கள். முதலில் தீக்குச்சி, பிறகு கேஸைத் திறக்கும் குமிழ். அவர் அதைத் தலைகீழாகச் செய்ததுதான் புருவம் போனதற்குக் காரணம். நீலச் சுடர் வட்டமாக வந்து உட்கார்ந்ததும் கிழவர் உலை வாசலில் நிற்பவரைப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

செர்னாக்கே பிறகு தன் வாயால் சொன்னதால்தான் ஊருக்கு இது தெரியும். பெர்னடெட் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று மாலை எமில் துருவித் துருவிக் கேட்டான்.

"கிழவன் என்ன சொன்னான்?"

"அது அவர் விஷயம்."

"நான் உன் புருஷன்டி!"

"அதனாலதான் சொல்லலை. நீ ஏணியோட கிளம்பிருவே."

தேர்வு பெரிய வியாழன் அன்று. எமில் லாரியைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தான். தேர்வு மையத்தின் வாசலில் அவள் கையில் ஒரு செப்பு ஆணியை வைத்து அழுத்தினான். அவன் போட்ட முதல் கூரையில் மிஞ்சிய ஆணி. உள்ளே இருந்த பெண் பெர்னடெட்டின் பையைக் கவிழ்க்கச் சொன்னாள், சட்டைக் கையை மடக்கிக் காட்டச் சொன்னாள். ஜபமாலையும் ஆணியும் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. வெறுங்கையோடு கணினிக்கு முன் உட்கார்ந்தாள்.

ஆணி வெளியே நின்றாலும் எமில் உள்ளே வந்துவிட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் குரல் காதில் கேட்டது. 'தூக்கி வண்டியில போடு, நாலாவது.' அடித்தாள். 'போய் அவனைப் பிடி, ஒண்ணாவது.' அடித்தாள். சமையற்கூடமும் இடையிடையே சாப்பாடு சாப்பாடு என்று கத்தியது. அதையும் அடித்தாள். பிறகு மிச்சமிருக்கும் விடைகளில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் விடை எது என்று பார்ப்பாள். அதைக் குறிப்பாள்.

பாதிக்கு மேல் போன பிறகு ஒரு கேள்வி வந்தது. ஒரு பெண் தொலைபேசியில் அழுகிறாள். கணவன் துப்பாக்கியோடு கதவை உடைத்துக்கொண்டிருக்கிறான், குழந்தை கூடவே இருக்கிறது. முதலில் என்ன? அவள் உணர்வுகளைப் பேச விடுவது. மேலதிகாரியிடம் ஆலோசிப்பது. காவல்துறையை உடனே அனுப்புவது. பழைய சண்டைகளைப் பற்றி விசாரிப்பது.

எமிலின் குரல் இடி மாதிரி விழுந்தது. 'போலீஸைக் கூப்பிடுடி! மூணாவது!'

பழக்கத்தில் அவள் கை அதை அடிக்கப் போனது. அடித்தும்விட்டது. அடுத்த கேள்விக்குப் போகவிருந்தவள் நின்றாள். செர்னாக் வீட்டில் உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது. இங்கே கதவு உடைந்துகொண்டிருக்கிறது. கூரையே சரியும்போது கீழே நாற்காலி போட்டு உட்கார எவன் சொல்வான்? முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும், கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. அடித்ததை அழித்துவிட்டு மூன்றாவதைக் குறித்தாள்.

கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரை வெள்ளையாக நின்றது. பிறகு ஒரு வரி வந்தது. தேர்ச்சி. பெர்னடெட் ஹுடாக் அதை வாய்விட்டுப் படித்துவிட்டாள். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

வெளியே எமில் லாரியில் சாய்ந்து நின்றான். அவள் நடந்து வந்த நடையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். தொப்பியை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"தூசி," என்றான்.

"ஆமா, தூசிதான். எமில், ஒண்ணே ஒண்ணுல உன் விடைதான் சரி. அதை நான் கிட்டத்தட்ட அடிச்சிட்டேன்."

"எது?"

"வீடு இடிஞ்சு விழும்போது நீதான்யா முதல்ல."

மறுநாள் பெரிய வெள்ளி. பியரோகி வரிசை கோயில் வாசலைத் தாண்டித் தெருவரை போயிருந்தது. எமில் தலையிலிருந்து வால்வரை நடந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னான். "ரெண்டு பேரும் பாஸ்! ஒரு கேள்வி நான் போட்டது!" பெர்னடெட் மாவுக் கையோடு உள்ளே தலை நிமிர்ந்து நின்றாள். அவனை அடக்கவில்லை. அன்று அடக்கத் தோன்றவில்லை.

வரிசையில் செர்னாக்கின் முறை வந்தது. ஆக்னஸ் அவரைப் பார்த்ததும் வழக்கம்போலப் பெரிய தட்டைத் தூக்கினாள். "பாவம், பிடிங்க…"

"முதல்ல கேளு ஆக்னஸ்," என்றார் கிழவர். பிறகு, அடுப்பைத் தானே பற்ற வைக்கிற பெருமையில், எல்லாருக்கும் கேட்கும்படி அடுப்புக் கதையையும் புருவத்தையும் தானே சொல்லிவிட்டார். ஆக்னஸ் பெர்னடெட்டைப் பார்த்தாள். பெர்னடெட் குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆக்னஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

"சரி. உங்களுக்கு என்ன வேணும், ஆண்ட்ரூ?"

"முட்டைக்கோஸ் வெச்சது. உருளைக்கிழங்கு எனக்கு எந்தக் காலத்துலயும் பிடிக்காது."