ரெண்டாவது சாவி

எம் பேத்திக்கு ரெண்டு பல்லு மொளச்சாச்சு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, பால் போடுறவர்கிட்ட ரெண்டு தடவ. ஆனா இப்ப சொல்லப்போறது அவ அம்மாவப் பத்தி, அதான் எம் பொண்ணப் பத்தி.

அவ பேங்க்ல ஆபீசர். மேனேஜர் ஆகணும்னு மூணு தடவ இன்டர்வியூ போனா. மூணு தடவயும் ஒரே கேள்விதான். "சாவிப் பொறுப்பு பாத்திருக்கீங்களா?" இவ இல்லம்பா. சரி, போயிட்டு வாங்கம்பாங்க.

பேங்க்ல பணம் வைக்கிற இரும்பு ரூமுக்கு ரெண்டு பூட்டு. ரெண்டு சாவியும் ஒருத்தர்கிட்ட இருக்கக் கூடாது. ரெண்டு ஆபீசரும் சேந்து வந்தாத்தான் கதவு தெறக்கும். சாவிக்காரங்க காலையில மொத ஆளா வரணும், கடைசி ஆளாப் போகணும். இவளோட மேனேஜர் தங்கமான மனுஷன். "நீ பொம்பளப் புள்ள, நேரத்தோட வீட்டுக்குப் போம்மா"ன்னு சாவிய ஆம்பளைங்ககிட்டயே குடுத்துட்டு இருந்தார். அவர் பட்ட எரக்கத்துல இவளுக்கு மூணு வருஷம் போச்சு.

நான் மட்டும் யோக்கியமா? மூணாவது தடவ அழுதுட்டு வந்தப்ப, "இருக்குற வேலையே போதாதாம்மா"ன்னு கேட்டவன்தான் நான். ரெண்டு நாள் எங்கூடப் பேசல.

அப்புறம் பேத்தி பொறந்தா. லீவு முடிஞ்சு போன அன்னிக்கே, "சார், எனக்கு சாவி வேணும்"னு போய் நின்னுருக்கா.

"கைக்குழந்தய வச்சுக்கிட்டா?"

"பக்கத்து டேபிள் சாருக்குந்தான் போன மாசம் குழந்த பொறந்துச்சு. சாவி அவர்கிட்டதான இருக்கு?"

"அவருக்கு வீட்டுல பாத்துக்க ஆளு இருக்கும்மா."

"எனக்கும் இருக்கு. முப்பது வருஷம் லாரி ஓட்டின ஆளு."

மேனேஜர் சரின்னதும், பக்கத்து டேபிள்காரர் அன்னிக்கே சாவிய இவகிட்டக் குடுத்துட்டு கையெழுத்துப் போட்டுட்டாராம். "ஒங்களுக்குக் கோடி புண்ணியம்மா, நாலு வருஷமா எம் பசங்க முழிச்சிருந்து நான் பாத்ததில்ல"ன்னாராம்.

அன்னியிலருந்து நான்தான் வீட்டு டிரைவர். என் வீட்டுக்காரி தையல் கடைக்குக் கெளம்பிடுவா, மாப்பிள்ளைக்கு ஃபேக்டரியில ஷிப்டு. குளிப்பாட்டுறது, பால் ஆத்துறது, ஏப்பம் விட வைக்கிறது எல்லாம் நான்தான். எம் பொண்ணு பொறந்தப்ப நான் லோடு ஏத்திட்டு எங்கயோ கெடந்தேன். பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் அவ மொகத்தையே பாத்தேன். அந்தக் கடனையும் சேத்து இப்பக் கழிக்கிறேன்னு வைங்க.

நாலாவது இன்டர்வியூவுல அதே கேள்வி. "பாத்துட்டு இருக்கேன் சார்"னு சொல்லிருக்கா. போன வாரம் ஆர்டர் வந்துருச்சு. மேனேஜர் வேலைதான், ஆனா ஆறு மணி நேரம் தள்ளி ஒரு ஊர்ல.

அதே மேனேஜர் ஆர்டரோட ஒரு பேப்பரும் சேத்து நீட்டிருக்கார். "போக முடியலன்னு இதுல எழுதிக் குடுத்துடும்மா. பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

சாயங்காலம் அந்தப் பேப்பர மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மாப்பிள்ளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்துடுறேன்னு சொல்லிட்டார். இவ கண்ணு என் மேலயே இருந்துச்சு. போன தடவ நான் சொன்னத மறந்திருக்க மாட்டா.

"எத்தன மணி நேரம்னு சொன்ன?"

"ஆறுப்பா."

"நான் ஓட்டினா அஞ்சு."

"ஒங்களுக்கு அங்க யாரையும் தெரியாதேப்பா?"

எங் கையில இருந்த பேத்தியக் காட்டினேன். "இவளுக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் சேந்து பழகிக்கிறோம்."

சிரிச்சுட்டா. பேப்பர ரெண்டாக் கிழிச்சா. ஒரு துண்டு பேத்தி கைக்குப் போயி, அங்கருந்து வாய்க்குப் போயிருச்சு. புடுங்குறதுக்குள்ள பாதிய மென்னுட்டா. பின்ன, ரெண்டு பல்லு இருக்குல்ல.