மருமகனின் கைகளைக் கட்டிய கயிறு

காது கேளாத ஒருவரின் கைகளைக் கட்டுவது, அவர் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். பலர் இதை அறியாததால் எழுதத் துணிந்தேன்.

ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை நம் நாடு ஏற்ற மறு ஆண்டு, பிறவியிலேயே காது கேளாத என் மருமகன் செல்வத்துடன் கீழக்குயில்குடிக்குச் சென்றிருந்தேன். சமணர் கற்படுக்கைகளைக் கண்டு நான் மலையிறங்கியபோது, கீழே காத்திருந்த அவரை ஊரார் மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தனர். முகமெல்லாம் குருதி.

“புள்ளையத் தூக்கிட்டு ஓடுனியாடா? எம்புட்டு அடிச்சாலும் வாயத் தொறக்குறானா பாரு!” என்று ஒருவன் உருட்டுக்கட்டையை ஓங்கினான்.

“அவர் காது கேளாதவர்! ஐ.நா. உடன்படிக்கையின்படி அவருக்கு...” என்று நான் தொடங்கியது பெரும்பிழை.

“ஐ.நா.வா? அவிங்களையும் வரச் சொல்லு பெருசு, சேத்துக் கட்டுவோம்!” என்று என்னைக் கீழே தள்ளினான்.

சட்டம் பேசுவதை விடுத்து, எழுந்து கயிற்றை அவிழ்த்தேன். என் முதுகிலும் அடி விழுந்தது. விடுபட்ட கைகளால் மருமகன், நாயொன்று பாய்ந்ததையும் தாம் குழந்தையைத் தூக்கியதையும் காட்டினார். தாயின் தோளில் அழுதுகொண்டிருந்த சிறுமி அதைப் பார்த்தாள்.

“ஆமாம்மா, நாயி கடிக்க வந்துச்சு!”

ஓங்கிய கட்டை தாழ்ந்தது. அதற்குள் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு முறிந்திருந்தன. அவை இன்றும் மடங்குவதில்லை. சில சொற்களை அவர் இருமுறை காட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது ஊர்க்கூட்டங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் செல்கிறேன். யாரைப் பிடித்தாலும் கைகளைக் கட்டாதீர்கள் என்றே முதலில் வேண்டுகிறேன். கைம்மொழியும் மொழியே என அவ்வுடன்படிக்கை கூறுவதைப் பின்னரே விளக்குகிறேன். என் விளக்கத்தில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க.