அடியில் மடித்து ஒட்டிய நோட்டீஸ்

நோட்டீஸ் ஒட்டுகிற வேலையில் பாதி பசையில்தான் இருக்கிறது. இப்போதும் வாசிகசாலை அடுப்பில் கோதுமை மாவைக் கிண்டிக்கொண்டேதான் எழுதுகிறேன். ஒரு கையில் அகப்பை, மறு கையில் பேனா. கிண்டுவதை விட்டால் கட்டி விழுந்துவிடும். என்னைப் போல் சுவர் சுவராக அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், விரலிடுக்கில் பசை காய்ந்து இழுக்கிற இழுப்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாட்டுக்குழு பசறை, பதுளை, பண்டாரவளை மூன்று ஊரிலும் கச்சேரி வைக்கப் போகிறது. தப்பு, உருமி, மலைப் பாட்டு, கூடவே கொழும்பிலிருந்து கிட்டார் வாசிக்கிற ஒரு தம்பி. முதல் கச்சேரி வருகிற ஞாயிறு, பசறையில். குழுவை நடத்துகிற ராசையா அண்ணன் நோட்டீஸ் ஒட்டக் கூப்பிட்டதும் சரியென்றேன். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். சுவர் ஒன்றும் கேட்காது என்று நினைத்தேன்.

பேர் வந்த விதம்

வாசிகசாலையில் குழு பாட்டுப் பழகும்போது நான் கூட்டிப் பெருக்கி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் என் மகள் விடாமல் அழுதாள். பதினோரு மாதப் பிள்ளை, தப்புச் சத்தத்தில் எப்படித் தூங்கும்? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தாலாட்டு படித்தேன். பின்னால் தப்பு நின்றுபோனது. கிட்டார் தம்பி இன்னொரு தடவை பாடச் சொன்னார். அவள் தூங்கிவிட்டாள், இனி எதற்கு என்றேன்.

அடுத்த கிழமை அச்சடித்து வந்த நோட்டீஸில் கடைசி வரி, “தாலாட்டு: ஜெயராணி.” அது என் பேர். என் மாமியார் கொழுந்து எடுக்கிறவர். அவர் மலையில் ஒன்று சொன்னால் எட்டு லயத்து வீடுகளுக்கும் கேட்கும். மருமகள் மேடை ஏறுகிறாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? என்னைக் கேட்காமல் ஏன் போட்டீர்கள் என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

“கேட்டா நீ மாட்டேன்னுதானே சொல்லுவ. அதான் அச்சடிச்சுட்டுக் கேக்குறேன்.”

ஒவ்வொரு நோட்டீஸையும் அடியில் நாலு விரல் உள்ளே மடித்து, பசை தடவி ஒட்டினேன். பேர் போனது, நெஞ்சு லேசானது.

தீப்பெட்டி

பசறையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைச் சுவர் நல்ல அகலம். ஒட்டலாமா என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று தடவை உள்ளே போய், மூன்று தடவையும் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நாலாவது தடவை நானா என் பசை வாளியை எட்டிப் பார்த்தார்.

“மகள், இன்னும் ஒரு தீப்பெட்டி வாங்கினா நான் பொலிஸுக்குச் சொல்லணும். அந்த வெங்காய மூட்டைக்கு மேல ஒட்டிட்டுப் போங்க.”

நமுனுகுல பஸ்

பஸ்ஸில் ஒட்டினால் நாம் நடக்காமலே நோட்டீஸ் ஊர் சுற்றும். நமுனுகுல ஊருக்குப் போகிற பஸ்ஸின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. ஒவ்வொரு வளைவுக்கும் கதவு, கம்பி, சீட்டு எல்லாம் சேர்ந்து ஆட்டம் போட்டது. கண்டக்டர் நோட்டீஸில் இருந்த தப்புப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

“எங்க பஸ்ஸு அடிக்கிற அடிக்கு உங்க தப்பு எல்லாம் பக்கத்துல நிக்காது தங்கச்சி.”

மடிப்புக்குள்ளே

ஒரு கிழமை போனது. ராசையா அண்ணன் சாமான் வாங்கப் போன இடத்தில் நானா பிடித்துக்கொண்டார். கூடப் போயிருந்த என்னையும் கூப்பிட்டு வெங்காய மூட்டைக்கு மேலே காட்டினார். கச்சேரி என்று இருக்கிறது, தப்பு இருக்கிறது, உருமி இருக்கிறது. எந்த நாள், எந்த இடம் என்பது மட்டும் இல்லை. என் பேருக்கு நேர் மேல் வரியே அதுதான். என் பேரைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவே இல்லை. மூன்று ஊரிலும் அப்படித்தான் ஒட்டியிருந்தேன்.

“எப்ப, எங்கன்னு கேட்டு வர்ற ஆளுங்களால என் கடை இப்ப விசாரணைக் கந்தோராயிருச்சு மகள். வெங்காயம்தான் யாரும் கேக்கல.”

எட்டாத குரல்

திரும்ப அச்சடிக்க நேரமில்லை. துண்டுத்தாளில் நாளும் இடமும் எழுதி ஒட்டு, போகிற இடமெல்லாம் வாயாலும் சொல்லு என்றார் அண்ணன். யாரும் வராவிட்டால் மற்ற இரண்டு ஊரும் நின்றுபோகும் என்றும் சொன்னார். பேசாமல் இருக்கத் தேடிப் பிடித்த வேலை இது!

மறுபடி அதே பஸ். நாளும் இடமும் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. யார் பாடுகிறார்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். உதவி செய்கிறேன் என்று கண்டக்டர் பசை விட்டிருந்த மடிப்பைப் பிரித்து என் பேரைச் சத்தமாகப் படித்து, என் முழியைப் பார்த்து இந்தத் தங்கச்சிதானே என்று கையையும் காட்டிவிட்டார். மூன்றாவது சீட்டில் மரக்கறிப் பையோடு என் மாமியார்.

தோட்டத்துச் சந்தியில் இருவரும் இறங்கினோம். பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“மேடையிலயாவது நிறுத்திப் படி. வீட்டுல நீ அவசரமாப் படிக்கிறதாலதான் அவ தூங்க மாட்டேங்குறா. புள்ளைய நான் பார்த்துக்கிறேன்.”

இப்போது எட்டு லயத்துக்கும் நாள் தெரியும், இடம் தெரியும். துண்டுத்தாளே தேவைப்படாதோ என்னவோ. ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது ஒன்றுதான்: நோட்டீஸ் ஒட்டுகிறவள் அதில் தன் பேரைத் தேடிப் படிக்கக்கூடாது, அப்படியே படித்துவிட்டாலும்

“ஜெயா, அடுத்துப் பழகுறது ஒன் பாட்டுதான், வா!”

இந்தா வந்துட்டேண்ணே, பசையை மட்டும் இறக்கி