களத்தில் காய்ந்த எட்டு டப்பாக்கள்

மகள் நகப்பூச்சை அழிக்கும்போதெல்லாம் நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுவேன். அந்த நெடி எனக்கு நாகலூர் எஸ்டேட் பங்களாவின் உள்ளறை. இன்று அந்த இடத்தில் ஏதோ ரிசார்ட்டின் நீச்சல்குளம் இருக்கிறது.

பேசாத படக் காலத்தில் கதாநாயகியாக இருந்த ஒரு கிழவி அங்கே தனியாக வாழ்ந்தார். அம்மா அவருக்குச் சமைத்தாள். அவர் நடித்தவற்றில் மிஞ்சியது ஒரே படம். அதன் சுருள்கள் எட்டுத் தகர டப்பாக்களில் கட்டிலுக்கடியில் கிடந்தன. மழை மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியே வந்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும், விளிம்புகளில் பிசின் கசியும், நெடி நாளுக்கு நாள் ஏறும். அந்த அறைக்குள் தீப்பெட்டி போகக்கூடாது. ஏனென்று அவர் சொன்னதில்லை.

ஈரம் பட்டது எதுவானாலும் களத்துக்குப் போகவேண்டும் என்பது காப்பிக்கொட்டை காயவைத்தே வளர்ந்த அம்மாவின் நம்பிக்கை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாள், அவர் சேலத்துக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தபோது, டப்பாக்களைச் சிமெண்ட் களத்தில் பரப்பினோம். உச்சி வெயிலில் ஒன்று சீறியது. பிறகு எல்லாமே மஞ்சள் புகை. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் அந்தத் தீ அடங்கவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் கெட்டுப்போனால் வெயில் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்று பின்னாளில்தான் தெரிந்தது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் களத்தோரம் வந்து நின்றார்.

"எல்லா டப்பாவையுமா எடுத்துட்டு வந்தே?"

"நொம்ப ஈரமா இருந்துதுங்க," என்றாள் அம்மா. "ஒண்ணு விடாம எடுத்தாந்தேனுங்க."

சுவரோரம் ஒதுங்கிக் கிடந்த எட்டாவது டப்பாவை, கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய் எடுத்துக் கொடுத்தது நான்.